கிரேக்கத் தீவுகளுக்கு வெள்ளையடித்த கதை

கிரேக்க தேசத்துத் தீவுகளையும் அவற்றின் பழைய துறைமுகங்களையும் கப்பலில் போய்ப் பார்ப்பதற்குச் சீமையில் பெரிய பெரிய துரைமார்கள் பணத்தைக் கொட்டுவார்களாம். எங்கள் கல்லங்குறிச்சி அய்யம்பெருமாள் ஐந்து தீவுகளைச் சர்க்கார் செலவில் பார்த்துவிட்டு வந்தான். எப்படியிருந்தது என்று கேட்டால், "சுவரு நல்ல சுவரு" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். பக்கத்து வீட்டுக்காரனாகிய நான்தான் மூன்று வருஷமாகத் துண்டு துண்டாகப் பிடுங்கி இதைச் சேர்த்தேன்.

அவனுக்குச் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல் கிடைக்கும், சோறுதான் கிடைக்காது. நாற்பத்திரண்டில் பெரம்பலூருக்கு லாரியோடு வந்த பட்டாளத்து ஏஜெண்டு, ராஜாவுக்காகச் சண்டைக்குப் போனால் மூன்று வேளையும் சாப்பாடு என்றான். எந்த ராஜா என்று அய்யம்பெருமாள் கேட்கவில்லை. அரிசிச் சோறா என்று மட்டும் கேட்டுக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான்.

அவன் மனைவி பூங்காவனத்துக்கு அப்போது ஆறு மாசம். பிள்ளை பிறந்தால், தகப்பன் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு முதல் முடி இறக்குவது என்று வேண்டிக்கொண்டாள். சண்டை ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். லண்டனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியாத விஷயம், அவளைக் குறை சொல்ல முடியாது.

பெண் பிறந்தது, மலர்கொடி என்று பேர். பூங்காவனத்துக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவளுடைய அண்ணன் வீரமுத்து கடுதாசி எழுதுவான். எகிப்துக்குப் போன கடுதாசியில் குழந்தையின் முடி காதுக்கு வந்திருந்தது. இத்தாலிக்குப் போனதில் தோளுக்கு வந்திருந்தது. சண்டை முடிந்து, இதோ விடுவார்கள் என்று காத்திருந்தவனைக் கிரேக்கத் தீவு ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே வந்த கடுதாசியில் முடி முதுகுக்கு வந்துவிட்டது. "பேன் தாங்க முடியவில்லை, வருகிற திருவிழாவுக்காவது வந்து சேரவும்" என்று எழுதியிருந்தது. திருவிழாவுக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

அவனுடைய பட்டாளத்துக்கு மேலதிகாரியான மேஜர் துரைக்கோ வேறு கவலை. அவருக்குப் பழைய கல் என்றால் உயிர். கப்பல் தளத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பிரித்து அரை மணி நேரம் பேசுவார். நம் தஞ்சாவூர்க்கார ஜமேதார் சிவசுப்பிரமணியன், "ரொம்பப் பழைய ஊராம்டா" என்று அதைத் தமிழில் சொல்லி முடித்துவிடுவார்.

அந்தத் தீவுக்கு ஜெனரல் வரப்போவதாகத் தந்தி வந்தது. பட்டாளத்தில் சண்டைக்குப் பயப்படாதவர்கள்கூட அழுக்குச் சுவருக்குப் பயப்படுவார்கள். பத்து நாளில் துறைமுகம் வெள்ளை வெளேரென்று ஆக வேண்டும், முடித்துத் தருகிறவனுக்கு முதல் கப்பலில் ஊர் என்றார் மேஜர். சுண்ணாம்பு மட்டும் இல்லை.

"நான் சுட்டுத் தரேனுங்க" என்றான் அய்யம்பெருமாள்.

"கல்லுக்கு எங்கடா போவ?" என்றார் ஜமேதார்.

"அந்த மேட்டுல மலையாட்டம் குமிஞ்சு கெடக்குதுங்க."

ஜமேதார் மேலே ஏறிப் பார்க்கவில்லை. தொந்தி இடம் கொடுக்கவில்லை.

அந்தத் தீவின் பேரை நான் எழுதப்போவதில்லை; யாராவது தேடிக்கொண்டு கிளம்புவார்கள். மேட்டில் வெள்ளைக் கல் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. வரி வரியாகச் செதுக்கிய தூண்கள், கை, முழங்கால், மூக்குப் போன முகம். ஒரு தூண் மட்டும் நிமிர்ந்து நின்றது. எங்கள் ஊர்ப் பெருமாளே ஒரு கல் கம்பம்தான், ஆகையால் நிற்கிற கல்லைத் தொடுவதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. கீழே கிடந்ததெல்லாம் பின்னம். பின்னமான சிலையை எந்த ஊரிலும் கும்பிடுவதில்லை என்று அவனே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். நின்ற தூணுக்கு நாமம் போட்டு, "புள்ளைக்கு முடி எறக்கணும் சாமி, ஊருக்கு அனுப்பிச்சிரு" என்று விழுந்து கும்பிட்டான். பிறகு காளவாய் கட்டி, குண்டுப் பெட்டிப் பலகைகளை உடைத்துப் போட்டு, மற்றதையெல்லாம் சுட்டான்.

சுண்ணாம்பு பாலாக இறங்கியது. ஜெனரல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு மேஜரைப் பாராட்டிக் கடிதமே எழுதினார். மேஜர் சுவரைப் பார்த்து, "இந்த வெண்மை இந்த மண்ணுக்கே உரியது" என்று உருகினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் முதல் கப்பலில் ஊருக்குப் போனது ஜெனரல்தான். இப்பேர்ப்பட்ட வேலைக்காரனை விடுவதாவது என்று மேஜர் அவனை ரோட்ஸ், கோஸ், லெரோஸ், இன்னொரு குட்டித் தீவு என்று கூட்டிக்கொண்டு சுற்றினார். கடையில் வாங்கிய சுண்ணாம்போடு இவன் கீழே துறைமுகச் சுவரில் தொங்குவான். துரை புத்தகத்தோடு மேலே கோட்டை பார்க்கப் போவார். ஒவ்வொரு தீவிலும் "இன்னும் ஒண்ணே ஒண்ணுதாண்டா" என்பார் ஜமேதார். வீரமுத்துவின் கடுதாசி வந்தது: முடி இடுப்பைத் தொட்டுவிட்டது. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அவன் அழுதிருக்கிறான். திருவிழாவுக்கு இரண்டு மாசம்கூட இல்லை.

அப்போதுதான் மேஜர் தளத்தில் நின்று இன்னொரு பிரசங்கம் செய்தார். கடைசியாக முதல் தீவுக்கே திரும்புகிறோம், அங்கே மேட்டில் கிடக்கும் சிலைகளுக்கு ஈடு கிடையாது, நிதானமாகப் பார்ப்பதற்காகவே மிச்சம் வைத்திருக்கிறேன் என்றார்.

ஜமேதார் மொழிபெயர்த்ததும் அய்யம்பெருமாள் எழுந்தான். "அதெல்லாம் சொவத்துல இருக்குதுங்க" என்றான்.

"என்னடா சொல்ற?"

"சுட்டுட்டேனுங்க. துரைகிட்டச் சொல்லிருங்க. செயிலுல போடறதா இருந்தா நம்ம ஊருப் பக்கமாப் போடச் சொல்லுங்க."

மேஜர் மேட்டில் ஏறினார். நாமம் போட்ட தூண் மட்டும் நின்றது. அதன் அடியில் உட்கார்ந்து அந்த மனுஷர் குழந்தையைப் போல அழுதார். ஆனால் விசாரணை என்று வந்தால் முதல் கேள்வி, வெள்ளையடிக்கச் சொன்னது யார் என்பதுதான். ஜெனரலின் கடிதம் வேறு மேலிடத்துக்குப் போய்ப் பதவி உயர்வாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆக, சர்க்கார் கணக்கில் சிலைகள் குண்டு விழுந்து அழிந்துபோயின. மூன்றாம் நாள் அய்யம்பெருமாள் கப்பலில் இருந்தான், 'நடத்தை மிகவும் நன்று' என்ற காகிதத்தோடு.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தான். திருவிழாவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வாசலில் மலர்கொடி நின்றாள். முடி காதுக்குக் கீழே இறங்கவில்லை.

"போன வருசத் திருவிழாவுலயே எறக்கியாச்சு, பேன் தாங்கல" என்றாள் பூங்காவனம். வேண்டுதலை மீறியதற்குப் பெருமாளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாளாம். முடி இறக்கும்போது குழந்தையை மடியில் வைத்திருந்தது தாய்மாமன் வீரமுத்து. அவன் இப்போது மெல்ல நழுவி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டான்.

"அப்ப இடுப்பு வரைக்கும்னு எழுதுனது?" அய்யம்பெருமாள் கத்திய கத்தல் எங்கள் வீட்டில் கேட்டது. "ஒரு தேசத்துச் சாமியையே சுட்டுட்டு வந்து நிக்கிறேன்டி! எதுக்குடி பொய் சொன்ன?"

அவள் அண்ணன் போன திசையைப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கண்ணன் எழுதற கடுதாசியில, வேற என்னத்தச் சொல்லி உங்கள நான் வாங்கன்னு கூப்பிடறது?"