அண்ணன் பார்த்து வாங்கிய நாற்காலி

சிவகாசி பஜாரில் குழந்தைகள் சாமான் விற்கும் ஒரு கடையின் மாடியில், நாலைந்து நாற்காலிகளுக்கு நடுவே என் அண்ணன் நின்ற நிற்பு எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. இடது கை வழக்கம்போல் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. வலது கையால் மட்டும் ஒவ்வொரு நாற்காலியின் முன்தட்டையும் கழற்றிப் பார்க்கிறான், மாட்டிப் பார்க்கிறான், மறுபடியும் கழற்றுகிறான். என் மகளுக்கு அப்போது ஏழாவது மாதம். மேசையில் எங்களோடு உட்காரவைத்துச் சோறூட்ட அவளுக்கு ஓர் உயரமான நாற்காலி வாங்கத்தான் போயிருந்தோம். பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அவனால் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணன் எனக்கு இரண்டு வயதுதான் மூத்தவன். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் வேலை பார்த்தவன். அச்சாகி வரும் பெரிய தாள்களைக் கட்டாக உள்ளே தள்ளி, அளவு பார்த்து, கத்தியை இறக்கி வெட்ட வேண்டும். பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிளில் ஓர் ஓரம் மயிரிழை விலகியிருந்தாலும் அவன் கண்ணில் பட்டுவிடும். நான் அதே ஊரில் வேறோர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிளும் காலண்டரும் டிசைன் செய்கிறேன். நான் வரைந்த லேபிள் சில சமயம் அவன் மிஷினுக்கு வெட்ட வரும். அன்றைக்குச் சாப்பிடும்போது, “ஒங்க லேபிள்ல இருந்த மயிலுக்கு இன்னைக்கு வால வெட்டிருப்பேன், ஓரத்துல எடமே விடல நீ” என்று கேலி செய்வான்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய காலண்டர் சீசனில், மிஷினுக்குள் சரிந்த ஒரு தாளை நேராக்கக் கையை விட்டான். கத்தி இறங்கிவிட்டது. இடது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா அழுது தீர்த்தாள். அவன் அழவில்லை. கை ஆறியதும் அதே கம்பெனியில் லோடு சரிபார்த்து அனுப்பும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சட்டைப் பொத்தான் போடுவதில் தொடங்கி பைக் ஓட்டுவதுவரை ஒவ்வொன்றாகப் பழகினான். நாங்கள் அவனைப் பார்த்துக் கலங்கியதெல்லாம் ஆறு மாதம்தான். பிறகு வீடு பழையபடி ஆகிவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு விஷயங்கள் மட்டும் பழையபடி ஆகவில்லை. ஒன்று, வீட்டுக்கு வெளியே அந்தக் கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. இன்னொன்று, அவன் பிள்ளைகளைத் தூக்குவதை விட்டுவிட்டான். முன்பெல்லாம் தெருவில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் தூக்கித் தலைக்கு மேல் போட்டுப் பிடிப்பான். பிள்ளைகள் அவன் வேலை விட்டு வரும் நேரத்துக்குத் தெருமுனையில் வரிசையாக நிற்கும். அதன் பிறகு, பெற்றவர்களே கொண்டுவந்து நீட்டினாலும், “கையெல்லாம் மை” என்று சொல்லி நகர்ந்துவிடுவான். லோடு பார்க்கிறவன் கையில் மை எப்படி ஒட்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெண் பார்க்கலாம் என்று அம்மா பேச்செடுத்தால் தட்டோடு எழுந்து போய்விடுவான்.

என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, தாய்மாமன் மடியில் முதலில் வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். அவன் நிலைப்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தான். “அப்பிடியே நம்ம ஆத்தா மூக்கு” என்றான். அவ்வளவுதான், வேலைக்குக் கிளம்பிவிட்டான். எனக்கு அது பெரிய மனக்குறை. தங்கச்சி பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். பேறுகாலத்துக்கு வந்த நான், லீவு முடிந்து வேலைக்குப் போனால் பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று திருத்தங்கலிலேயே இருந்தேன். “குடுத்துப் பாத்தியா? குடுக்காமயே வாங்கலன்னு சொல்லாத” என்று அவர் ஒருமுறை சொன்னார். கொடுத்துப் பார்த்தேன். “நழுவிட்டா என்ன செய்ய?” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறான் என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனதால் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் எல்லோரும் மேசையில்தான் சாப்பிடுவோம். பிள்ளைக்குச் சோறு பழக்க ஆரம்பித்தபோது, அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்து ஊட்டினாள். ஒரு நாள் அவள் வில்லாக வளைந்து துள்ளியதில் மடியிலிருந்து சறுக்கிவிட்டாள். நல்லவேளை, அம்மா சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எழுந்துவிட்டான், ஆனால் கையை நீட்டவில்லை. மறுநாள் காலையில் அவனாகவே வந்து, “உக்கார வைக்க ஒரு சேர் இருக்காமே, ஹோட்டல்லகூடப் போட்டுருக்காக. அதப் போயி வாங்கிட்டு வந்துருவோம்” என்றான். பெட்டியை பைக்கில் கட்டித் தூக்கிவர ஆள் கிடைத்ததே என்று நானும் கிளம்பினேன்.

கடையில் எனக்கு முதல் பார்வையிலேயே ஒன்று பிடித்துப்போனது. இளஞ்சிவப்பு நிறம், காலுக்குச் சக்கரம், தட்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கி பொம்மை. “இதத்தாங்கக்கா எல்லாரும் கேட்டு வாங்குறாக” என்றார் கடைக்காரர். அண்ணன் குனிந்து தட்டின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். “பிசிறு நிக்கிது. பிள்ள கையக் கீறும்” என்றான். வாழ்நாளெல்லாம் விளிம்பு பார்த்தவன் சொன்னதால் அதை ஒப்புக்கொண்டேன். அடுத்து சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்து, “ஒரு கையி மேல பட்டா ஓடிரும்” என்றான். மரத்தில் ஒன்று இருந்தது. அதில் பெல்ட் இடுப்புக்கு மட்டும்தான், பிள்ளை வளைந்தால் கீழே சறுக்கிவிடும் என்று தள்ளினான். நீல நிறத்தில் ஒன்று எல்லா விதத்திலும் சரியாக இருந்தது. அதன் தட்டைக் கழற்ற இரண்டு பக்கமும் உள்ள பட்டனை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அண்ணன் வலது கையை ஒரு பட்டனில் வைத்தான், எடுத்தான், அடுத்ததில் வைத்தான். “இதும் வேணாம்” என்றான்.

“இதுக்கு என்ன கொறச்சல்?” என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அண்ணன் பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். கடைக்காரர் அவனுடைய பாக்கெட்டை ஒருமுறை பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன், ஏனென்றுதான் அப்போது விளங்கவில்லை. “கொஞ்சம் இருங்கண்ணே, கீழ குடோன்ல ஒண்ணு கெடக்கு. நெறம் நல்லா இல்லன்னு யாரும் எடுக்கல” என்று சொல்லிவிட்டு அவரே இறங்கிப் போய்த் தூசி தட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது அந்த நாற்காலி. பொம்மை கிடையாது, சக்கரம் கிடையாது. தட்டுக்கு அடியில் நடுவில் ஒரே ஒரு பிடி இருந்தது. அதை விரலால் இழுத்தால் தட்டு தனியாக வந்துவிடுகிறது, தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்கிறது. தோளுக்கும் இடுப்புக்கும் வந்த பெல்ட் எல்லாம் நடுவில் ஒரே கொக்கியில் சேர்ந்தது. அண்ணன் அதை ஏழெட்டுத் தடவை பூட்டித் திறந்தான். முழங்காலால் முட்டி ஆட்டிப் பார்த்தான். பிறகு, “இதக் கட்டுங்க” என்றான்.

வீடு வரைக்கும் நான் அவனோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் குறைபட்டேன். மகள் என்னவோ அதில் உட்கார்ந்ததுமே தட்டை இரண்டு கையாலும் அடித்துக் கொண்டாட ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, பேறுகால லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது, மூச்சுவிட நேரமில்லை. ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. அம்மாவின் செல்லுக்கு அடித்தால் அவள் விருதுநகரில் ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கிறாள். முட்டிக்கு ஊசி போடக் காலையில் போனவள், டாக்டர் வரத் தாமதமாகி மாட்டிக்கொண்டாள்.

“பிள்ள யாருகிட்டம்மா இருக்கு?”

“ஒங்கண்ணன் இன்னைக்கு லீவுல்ல, அவன்தான் இருக்கான். தொட்டில்ல தூங்குறா, முழிக்கிறதுக்குள்ள வந்துரலாம்னு வந்தேன்.”

“அவன் தூக்கவே மாட்டானேம்மா. அவ எந்திரிச்சு எம்புட்டோ நேரம் ஆயிருக்குமே.”

மேனேஜரிடம் சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொட்டிலில் எழுந்து நிற்கப் பார்த்து விழுந்திருப்பாள், அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டினேன். வாசலில் வண்டியை நிறுத்தியபோது உள்ளே அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே, அந்தச் சாம்பல் நாற்காலியில் என் மகள் பெல்ட் எல்லாம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலில் அண்ணன் இருந்தான். பருப்புச் சோற்றை நெய் விட்டு மசித்து, கிண்ணம் நகராமல் இடது மணிக்கட்டால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊட்டினான். அந்தக் கையின் ஒற்றைக் கட்டைவிரலை அவள் இறுகப் பிடித்திருந்தாள். மூக்கு, புருவம், காது எல்லாம் சோறு. என்னைப் பார்த்ததும் அவன் திடுக்கிட்டான். “பாதிதான் உள்ள போயிருக்கு. மீதி என் சட்டைல” என்றான்.

எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். “எப்பிடித் தூக்குன?”

“அழ ஆரம்பிச்சா. கொஞ்ச நேரம் ஆட்டிப் பாத்தேன், நிக்கல. தட்டக் கழத்தி வச்சுட்டு சேரத் தொட்டிலோட ஒட்டி நிறுத்திட்டேன். முழங்கையில ஏந்தி அப்பிடியே இங்கன வச்சேன். ஒரு சாண்தான் இருக்கும்.” அடுத்த வாயை ஊட்டிவிட்டு, “நழுவல” என்றான்.

நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கடையில் ஒரு மணி நேரம் அவன் ஒற்றைக் கையால் எதைத் தேடினான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாத கடைக்காரர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டதை, கூடப் பிறந்த நான் புரிந்துகொள்ளாமல் நிறத்துக்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா வந்து இன்னொன்றும் சொன்னாள். பிள்ளை தூங்கும் நேரங்களில் அவன் அந்த நாற்காலியில் ஓர் அரிசிப் பையைத் தூக்கி உட்காரவைத்து, பெல்ட் போடவும் தட்டு மாட்டவும் இறக்கவும் இரண்டு வாரமாகப் பழகிவந்தானாம். “என்னலே இதுன்னு கேட்டேன். பாப்பா இம்புட்டுத்தான வெயிட்டு இருப்பாங்கிறான். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டான்” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு மத்தியானச் சோறு மாமன் வேலையாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குக் கம்பெனியிலிருந்து பைக்கில் வந்து ஊட்டிவிட்டுப் போவான். ஒரு சாண் தூக்கியது ஒரு முழமாகி, பிறகு தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைவரை போவதாகிவிட்டது. மல்லாங்கிணறு பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் அவளுக்குக் காது குத்தியபோது, யாரும் சொல்லாமலே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “குடு” என்றான். ஊசி இறங்கும்போது அவள் போட்ட சத்தத்தைவிட அவன் முகம் கோணியதுதான் எல்லோருக்கும் சிரிப்பு. அவளைச் சுற்றி இருந்த இரண்டு கையையும் அவன் கடைசிவரை எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் அம்மா பெண் பேச்சை எடுத்தபோது, அவன் தட்டை விட்டு எழவில்லை. அச்சங்குளத்தில் ஒரு பெண். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். நாங்கள் பார்க்கப் போன அன்று காப்பி கொடுத்துவிட்டு, அவளே அவனிடம், “கைய வெளிய எடுங்க, பாத்துக்கிறேன்” என்றாள். அவளுடைய அம்மா பதறிவிட்டார். அண்ணன் எடுத்து மடியில் வைத்தான். அவள் பார்த்துவிட்டு, “பைக்கு ஓட்டுவீகளா?” என்று கேட்டாள். ஓட்டுவேன் என்றான். “அப்பச் சரி” என்று உள்ளே போய்விட்டாள். அவள்தான் இன்று எங்கள் மதினி.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்த நாற்காலி எங்கள் அச்சகத்தில் பைண்டிங் செய்யும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறு எங்கோ போய்விட்டது. அண்ணனுக்குச் சென்ற வருடம் மகன் பிறந்தான். சோறு பழக்குகிற பருவம் வந்துவிட்டதே, அத்தையின் சீராக நல்லதாக ஒரு நாற்காலி வாங்கித் தரலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போனேன். அண்ணன் பிள்ளையை மடியில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டு இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தான். “இப்ப வேணாம், கொஞ்ச நாள் போகட்டும்” என்றான்.

பல் முளைக்கிற நேரம். பிள்ளை ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அந்த இடது கையை இழுத்து, விரல்கள் இருந்த இடத்தை வாயில் வைத்து ஈறால் கடித்தான். “நான் என் கையக் குடுத்தாலும் தட்டி விட்டுருவான். இவனுக்கு அந்தக் கைதான் வேணும்” என்றாள் அடுப்படியிலிருந்து மதினி. அண்ணன் கையைப் பார்த்தான். “எச்சியாப் போச்சு” என்று சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடியும் அவன் வாய்க்கே கொடுத்தான்.