கரண்டு வந்தால் தூங்கும் பிள்ளைகள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், யாங்கோனில் தின்கன்ஜூன் பக்கம், நாங்கள் குடியிருக்கும் தெருவிலேயே நடந்தது இது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஆபீசுகள் திறந்த வாரம். என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் மலேசியாவுக்குப் போனார். ஏன் போனார் என்று எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று அந்த வயது ஆம்பிளைகள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நேரம் அது. அவருக்கு அங்கே வேலை நிலைக்கும் வரை வீடு ஓட வேண்டுமே. பிள்ளை பிறந்தபோது விட்ட வேலைக்கே நான் திரும்பிப் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் சரக்குக்குப் பத்திரம் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ். என் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் மோல்மீனில் மூத்த மகன் வீட்டுப் பேரப்பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையை எங்கே விடுவது?

தெருக்கோடியில் ஒரு அக்கா வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம்தான். அவர் வீட்டு முன்னறையில் ஒரு சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நல்ல காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்திருக்கிறது. பிள்ளை தொண்டையில் எதையாவது போட்டுக்கொண்டால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, உதவிக்கு வைக்கும் ஆளுக்கு எதையெதைச் சொல்லித்தர வேண்டும், எந்த வேலையை அந்த ஆளிடம் விடவே கூடாது என்றெல்லாம். மாதம் ஒரு தடவை அங்கிருந்து ஒரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். அடுப்பு எங்கே இருக்கிறது, கத்தி எங்கே இருக்கிறது, பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் நோட்டம் விடுவாராம். அப்புறம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த ஆபீசையே மூடிவிட்டார்கள். வந்துகொண்டிருந்த பெண் எங்கே போனார் என்று அக்காவுக்கே தெரியாது. நானோ சான்றிதழைப் பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது. படித்தவள் என்று எனக்குப் பெயர். கண்ணாடி போட்ட காகிதத்தைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் வேறு கேள்வி வராது.

அக்காவுக்கு உதவியாக ஒரு பர்மாக்காரப் பெண் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், புருஷன் இல்லை, ஷ்வேப்யிதா பக்கம் தொழிற்சாலையில் வேலை போனபிறகு இங்கே வந்தவர். பிள்ளைகள் எல்லாம் அவரை 'ஜீஜீ' என்று கூப்பிடும், பெரியம்மா மாதிரி. என் மகள் காலையில் என் இடுப்பிலிருந்து அவரிடம் தாவுவாள். கன்னத்தில் சந்தனம் மாதிரித் தனகா அரைத்துப் பூசி, தலை வாரி, சாயங்காலம் சுத்தமாகத் திருப்பிக் கொடுப்பார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷம் எங்கள் ஊரில் கரண்டு வரும் நேரத்தை வைத்துத்தான் எல்லா வேலையும். ஒரு நாள் காலையில் வரும், மறுநாள் மத்தியானம் வரும். வந்ததும் தெருவே "மீ லா பீ" என்று கத்தும். கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், துணி தேய்க்க வேண்டும், போனுக்குச் சார்ஜ் போட வேண்டும். அது போவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

என் மகளும் கரண்டு வரும் நேரத்தில்தான் தூங்குவாள் என்று அக்கா சொன்னார். காலையில் வந்தால் காலையில், மத்தியானம் வந்தால் மத்தியானம். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தானாம். மின்விசிறி சுற்றினால் தூக்கம் வராமல் என்ன செய்யும் என்றார். எனக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா? ஆபீசில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். என் பெண் கரண்டுக்காரன் போட்ட அட்டவணைப்படி தூங்குகிறாள் என்று சொல்லிச் சிரித்தேன். சாயங்காலம் அவள் மந்தமாக இருப்பாள், சோறு இறங்காது. நாள் முழுக்க ஆடின களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

திருவிழா விடுமுறையில்தான் முதல் உறுத்தல். பத்து நாள் போல அவள் என்னோடு வீட்டில் இருந்தாள். முதல் சில நாள் வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். காரணமில்லாமல் அழுகை, தரையில் விழுந்து புரளல், ராத்திரி பகல் எதிலும் தூக்கமில்லை. கரண்டு வந்து விசிறி சுற்றியபோதும் கண்ணை மூடவில்லை. அப்பாவைத் தேடுகிறாள் என்று நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். விடுமுறை முடிந்து பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது, உங்கள் வீட்டில் என்ன மாயம் போடுகிறீர்கள், என்னிடம் தூங்கவே மாட்டேன் என்கிறாளே என்று அக்காவிடம் கேட்டேன். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து படுத்தால் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து எங்கள் ஆபீஸ் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு முன்னாலேயே போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது மகளை அழைத்துக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கித் தரலாம் என்று சந்தோஷமாக நினைத்தேன். தெருவில் இறங்கும்போதே எல்லா வீட்டிலும் மோட்டார் சத்தம். கரண்டு வந்திருந்தது.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அக்கா இல்லை. விலைவாசி ஏறியதிலிருந்து அவர் கடைக்காரர்களுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அதைக் கொடுக்கப் போயிருக்கிறார். அந்த விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜீஜீ மட்டும் பின்னால் பீப்பாய்க்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் காது கிழியக் கத்தியது. பக்கத்து வீட்டில் டிவி வேறு அலறியது.

முன்னறையில் பாயில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் தூங்கினார்கள். அந்தச் சத்தத்தில் பெரியவர்களே தூங்க முடியாது. ஒரு பையனுக்கு உதட்டில் ஈ உட்கார்ந்திருந்தது, அவன் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

என்னைப் பார்த்த ஜீஜீ ஈரக்கையோடு ஓடிவந்தார். பிள்ளைகள் தூங்குகின்றன, சத்தம் போடாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நான் மகளைத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. கன்னத்தில் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், உலுக்கினேன். கண்ணிமை பாதி திறந்து மறுபடியும் மூடிக்கொண்டது. அப்போதுதான் ஜன்னல் விளிம்பில் சளி மருந்துப் பாட்டிலும், அதன் மேல் கவிழ்த்து வைத்த பிசுபிசுப்பான மூடியும் கண்ணில் பட்டன. ஒரு பிள்ளைக்கும் அன்றைக்குச் சளி இல்லை.

என்ன கொடுத்தாய் என்று பர்மியப் பேச்சில் கத்தினேன். ஜீஜீ மறைக்கவே இல்லை. கரண்டு வந்ததும் கொடுப்போம், தூங்கிவிடும், நாங்கள் வேலையைப் பார்ப்போம் என்றார். தன் பிள்ளைகளுக்கும் கொடுத்து வளர்த்ததுதானாம். அவர் முகத்தில் குற்றம் செய்த கலக்கமே இல்லை, நான் ஏன் கத்துகிறேன் என்ற கலக்கம்தான் இருந்தது. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று கேட்டதற்கு, பிள்ளை விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றார்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெரு கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், மூச்சைக் கவனித்தார், பக்கத்திலேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். இந்த மாதிரி எத்தனையோ பிள்ளைகள் வருகின்றன என்றார். சில பிள்ளைகளுக்கு மூச்சே நின்றுபோகும், உங்களுக்கு நல்ல நேரம் என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தாமதமாக ஏறினாலும் எனக்கு உயிர் போய் வந்தது. வெயில் தாழ்ந்த பிறகு அவள் கண் விழித்தாள். என்னைப் பார்த்து முதலில் கேட்டதே, ஜீஜீ எங்கே என்றுதான்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். இப்போது நினைத்தாலும் கூசும் வார்த்தைகள். சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விஷம் கொடுக்கிறாயா என்றும் கேட்டேன். நான் ஓய்ந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

"எனக்குச் சொல்லித்தான் குடுத்தாங்க தங்கச்சி. மருந்து ஒரு சொட்டுக்கூடக் குடுக்கக் கூடாதுன்னாங்க. கூட இருக்கிறவளைப் பிள்ளைங்ககிட்டத் தனியா விட்டுட்டு வாசலுக்குக்கூடப் போகக் கூடாதுன்னாங்க. அதெல்லாம் கரண்டு இருந்த காலத்துல சொன்னது."

முன்பு அவரிடம் உதவிக்கு இரண்டு பேர் இருந்தார்களாம், இரண்டு பேருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். ஒருத்தி தாய்லாந்துக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி ஊருக்கே போய்விட்டாள். அப்புறம் கிடைத்தவர்தான் ஜீஜீ. அவருக்குச் சொல்லிக்கொடுக்க அக்காவுக்கு நேரமும் இல்லை, சொல்லிக்கொடுத்தாரா என்று பார்க்க யாரும் வரவும் இல்லை. முதலில் ஒரு நாள் மட்டும் என்று ஆரம்பித்ததாம் இந்த மருந்து.

சும்மா விட மாட்டேன், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன் என்றேன்.

"யார்கிட்டச் சொல்லுவே? எனக்குந் தெரியணும் தங்கச்சி. அப்படி ஒரு எடம் இருந்தா, நானே போயி ஆளு அனுப்புங்கன்னு கேட்டிருப்பேன்."

அவர் மிரட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். எங்கள் ஊரில் இன்றைய நிலைமையில் ஒரு புகாரை எடுத்துக்கொண்டு எந்த வாசலில் ஏறுவது? ஏறினால் பிள்ளைப் பிரச்சினையோடு திரும்பி வருவோமா, வேறு பிரச்சினையோடு வருவோமா? அக்கா போய்விட்டார்.

மறுநாள் லீவு போட்டு மற்ற அம்மாக்களைத் தேடிப் போனேன். எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டால் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தேன். ஒருத்தி என்னைவிட அதிகமாக அழுதாள். ஒருத்தி நம்பவே இல்லை. தாமுவே மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பெண், அவளும் தமிழ்தான், வேறு யாருக்கும் கேட்காமல் என்னிடம் சொன்னாள்:

"எனக்கு மொதல்லேயே தெரியும். எம் மவனுக்குப் பாதி மூடி மட்டும் குடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறையக் கை ஓங்கியிருப்பேன். இப்படியும் ஒரு அம்மாவா என்று வீடு வரும் வரை மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் முழுக்க வேறு இடம் தேடினேன். மழலையர் பள்ளியில் மூன்று வயது ஆக வேண்டும் என்றார்கள். தாமுவேயில் ஒரு வீட்டில் இதைவிட இரண்டு மடங்கு பிள்ளைகள், ஒரே ஒரு பொம்பளை. இன்னொரு வீட்டில் கேட்கவே வேண்டாம், போன நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்குப் போன் போட்டேன். பிள்ளையை அனுப்பு என்றார் பாவம், ஆனால் சண்டை நடக்கும் மோல்மீன் பாதையில் அப்போது யாரும் பிள்ளையோடு போகத் துணிய மாட்டார்கள். ஆபீசில் முதலாளி நல்லவர். திங்கட்கிழமைக்குள் வந்துவிடு, அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். வீட்டுக்காரரிடம் போனில் எதுவும் சொல்லவில்லை. அங்கே ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்திருக்கிற மனுஷன், தெரிந்து என்ன செய்வார்?

திங்கட்கிழமை காலையில் மகளுக்குத் தலை சீவி, கவுன் போட்டு, தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தேன். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஜீஜீதான் முன்னால் வந்தார். என் மகள் சிரித்துக்கொண்டே அவரிடம் தாவினாள். கொடுக்கவே கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் எனக்குத் தெரியாமல் கொடுப்பார்கள், எவ்வளவு என்று யார் பார்ப்பது? பின்னால் காலியாக இருந்த தண்ணீர்ப் பீப்பாய்களைப் பார்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். துணிக்கடைக்காரி சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன், பாதி மூடி மட்டும் என்று. ஜீஜீ நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மூன்று வயது ஆகும் வரை அவள் அங்கேதான் இருந்தாள். பார்ப்பவர்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். எனக்குத்தான் ஒன்றும் சரியாகவில்லை. இப்போதும் அவள் அசந்து தூங்கினால் எனக்குப் பொறுக்காது, போய் உலுக்கி எழுப்பிவிடுவேன். தூக்கம் கெட்ட கோபத்தில் அவள் வீறிட்டு அழுது என்னை அடிக்கும்போதுதான், என் பிள்ளை என்னிடமே இருக்கிறாள் என்று எனக்கு மூச்சு வருகிறது.