நான்கு குடம் நல்ல தண்ணி

என் தம்பிக்கு வேர்க்காது. பத்து வயதில் அதை நான் பெரிய பாக்கியம் என்றே நினைத்திருந்தேன். வெயிலில் தண்ணி வண்டி தள்ளிவிட்டு நான் வரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். அவனோ ஏசி அறையில் காய்ந்த முகத்தோடு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பான். பிறவியிலேயே அவனுக்கு வேர்வைச் சுரப்பிகள் சரியாக அமையவில்லை, வெக்கை கூடினால் உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வயதில் ஒரு சித்திரை மதியம் அவனுக்கு வலிப்பு வந்து, உம்மா அவனை ஈரத்துணியில் சுருட்டிக்கொண்டு தெருவில் ஓடியது எனக்கு லேசாக நினைவிருக்கிறது. சவூதியில் இருந்த வாப்பா அந்த வருஷ விடுப்புக்கு ஊர் வராமல், டிக்கெட் காசையும் சேர்த்து அனுப்பி ஏசி வாங்கிப் போடச் சொன்னார்.

வாலிநோக்கம் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். எங்கள் தெருவில் அதற்கு முன்பே நாலைந்து ஏசி இருந்தன. ஆனால் நன்றாக ஓடும்போதே வைத்தியம் பார்க்கப்பட்டது எங்கள் வீட்டு ஏசி மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடலாடிக்கு அந்தப் பக்கமிருந்து முக்கால் மணி நேரம் பைக் ஓட்டிக்கொண்டு ஏசி அண்ணன் வருவார். உம்மா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார். எதிர்வீட்டில் இருந்த மாமா, உம்மாவின் தம்பி, அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

“ஓடுற மெசினுக்கு எதுக்கு லாத்தா வைத்தியம்? நின்னா பாத்துக்கிறலாம்ல.”

“நின்னா பாத்துக்கிறது ஒன் வீட்டு மெசினு. இது நிக்கப்படாது,” என்பார் உம்மா.

சர்வீஸ் கூலி நானூறு ரூபாய். அதைக் கொடுக்கும்போது உம்மா முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆத்திரமெல்லாம் எனக்குத்தான். ஏனென்றால் அந்த சர்வீஸின் உண்மையான செலவு என் தலையில் விழுந்தது. ஏசியைக் கழுவ நான்கு குடம் தண்ணீர் வேண்டும். அதுவும் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, குடிக்கிற நல்ல தண்ணிதான் வேண்டும். எங்கள் கிணற்றில் ஊறுவது உப்பு. குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணிக்குக் குழாயடியில் வரிசையில் நின்று, ஆறு குடத்தையும் தள்ளுவண்டியில் அடுக்கி மணலில் தள்ளி வர வேண்டும். அதில் நான்கு குடம் ஒரு இரும்புப் பெட்டி குளிப்பதற்கு! ஒருமுறை வாய்விட்டே கேட்டேன்.

“கடக்காத்துல வந்து ஒட்டுற உப்பக் கழுவத்தான் தாயி நான் வாரேன். அதுக்கு மேல உப்புத் தண்ணிய ஊத்துனா, துருவ நாமளே வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரி ஆயிரும்,” என்றார் ஏசி அண்ணன். பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி தள்ளுவது அவரில்லையே.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம், கத்தரி வெயில் தொடங்க இரண்டு நாள் இருந்தது. நான்கு நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் தண்ணீர் வந்து, அடிபிடி சண்டைக்கு நடுவில் ஆறு குடம் பிடித்து வந்தேன். அன்றைக்குத்தான் காலண்டரில் வட்டம். நான்கு குடத்தை ஏசிக்குக் கொடுத்தால் மறுநாள் காலையிலும் குழாயடிக்குப் போக வேண்டும். மறுநாளோ என் கூட்டாளி வீட்டு மாடியில் கூட்டாஞ்சோறு. பருப்பு கொண்டுவருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

உம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நான்கு நல்ல தண்ணிக் குடங்களையும் உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வேறு நான்கு குடத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கொல்லையில் வரிசையாக வைத்தேன். தண்ணீர் தண்ணீர்தானே, இரும்புக்கு நாக்கா இருக்கிறது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

இரும்புக்கு நாக்கு இல்லைதான். ஏசி அண்ணனுக்கு இருந்தது. பம்பை எடுத்து வைத்தவர், முதல் குடத்தில் விரலை விட்டு நாக்கில் தொட்டார். அடுத்த குடத்திலும் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். தொலைந்தோம், உம்மா இன்றைக்குத் தோலை உரித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வாசலுக்குப் போய், “அக்கா, பம்புக்கு வாசர் தேஞ்சுபோச்சு. வீட்டுல ஒண்ணு கெடக்கு, எடுத்துட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் மெசின் ஓடட்டும், பிள்ளைக்கு வெக்கையாயிரும்,” என்றார். போகிற போக்கில் என்னிடம், “அந்த நாலு கொடத்தையும் தென்னைக்கு ஊத்திரு தாயி,” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். பைக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய தண்ணீர்க் கேன் கட்டியிருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. “தண்ணி நம்ம வீட்டுலயே இருக்கே தம்பி?” என்று உம்மா கேட்டார்.

“அங்கன லாரி நின்னுச்சுக்கா. சும்மா கெடைக்கிறத ஏன் விடணும்னு பிடிச்சாந்தேன்.”

நான் அதை அப்படியே நம்பினேன். கடலாடிப் பக்கம் தண்ணீர் லாரி தெருத்தெருவாக நின்று கூவி அழைக்கிறது போல என்று பொறாமைகூடப் பட்டேன். அவர் ஏசியின் முன்பக்கத்தைக் கழற்றி, வலையை அலசி, கொல்லைச் சுவரில் இருந்த வெளிப்பெட்டியின் தகடுகளுக்கு நடுவே நிதானமாகத் தண்ணீர் பீய்ச்சினார். வெள்ளையாக உப்பு கரைந்து ஓடியது. நானூறு ரூபாய்க்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஒளித்து வைத்த குடங்களை, அப்போதுதான் பிடித்து வந்ததுபோல அடுப்படியில் கொண்டுவந்து வைத்தேன். “என் தங்கம்!” என்று உம்மா நெற்றியில் முத்தம் வைத்தார். வெட்கமே இல்லாமல் அதையும் வாங்கிக்கொண்டு, பருப்புப் பொட்டலத்தோடு கூட்டாஞ்சோற்றுக்குப் போனேன்.

அந்தக் கத்தரியில் மாமா வீட்டு ஏசி நின்றது. வெளிப்பெட்டியின் தகடுகளைத் தொட்டால் அப்பளம் போல நொறுங்கின. பாதி ஏசி விலை ஆகும் என்றார்கள். மாமா பிள்ளைகள் தலையணையோடு எங்கள் அறைக்கு வந்தார்கள். “சும்மா எட்டிப் பாக்கலாம்னு வந்தேன்,” என்று வந்த மாமா, சாயங்கால அஸர் பாங்கு வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்தார். அந்த நெரிசலுக்கு நடுவிலும் தம்பி படம் வரைந்துகொண்டிருந்தான். அந்தக் கோடையில் அவனுக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லை.

அந்த ஏசி பதினோரு வருஷம் ஓடியது. போன வருஷம் தம்பிக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, உம்மா பலகாரத்தோடு எங்கள் இருவரையும் ஏசி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். “உப்புத் தண்ணி வச்ச பிள்ளை நீதானா?” என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு உங்கள் ஊரில் லாரி வந்திருந்ததாமே என்று மெல்லக் கேட்டேன்.

“லாரியா? அன்னைக்கு அது வந்தே ஆறு நாளாயிருந்துச்சு. வீட்டுல இருந்ததே ரெண்டு கேனுதான். ரெண்டையும் வண்டில கட்டுறாரு. குடிக்க என்ன செய்யுறதுன்னு கேட்டேன். ‘நமக்கு வேர்க்கும்ல, தாங்கிக்கிருவோம். அந்தப் பிள்ளைக்கு வேர்க்காதுடி’ன்னுட்டுப் போயிட்டாரு. பக்கத்து வீட்டுல ரெண்டு சொம்பு வாங்கித்தான் அன்னைக்கு ஒப்பேத்துனேன்.”

தம்பி ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தான். அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்து, அவனுக்கு வேர்க்கவில்லை என்று நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துபோன மனிதருக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. கையிலிருந்த சொம்புத் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தேன்.