இரண்டு லெச்சுமிகளும் ஒரு நேர்த்திக் கடாவும்

விடிந்தும் விடியாத நேரம். ஈர லாலான் புல் வாடையும் பஸ்ஸின் டீசல் புகையும் ஒன்றாய் மூக்கில் ஏறும்... கூடவே செம்மண் ரோட்டில் தடதடவென்று ஒரு சத்தம்.

என் நாய் ஓடுகிற சத்தம்.

எண்பதுகளில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. எனக்கு மாக் மண்டினில் ஃபேக்டரி வேலை. பஸ் வரும்போது நான் ஒரு நாளாவது தயாராக நின்றதாக ஞாபகம் இல்லை. பஸ் கிளம்பிவிடும். நாய் பாயும். பஸ்ஸை முந்திப் போய் நடு ரோட்டில் குறுக்கே நின்றுகொள்ளும். குரைக்காது, கடிக்காது. சும்மா நின்று பார்க்கும். டிரைவர் பாக் சிக் பிரேக் போட்டு எனக்கு அர்ச்சனை செய்து முடிப்பதற்குள் நான் ஓடிப்போய் ஏறிவிடுவேன்.

அவள் பெயர் லெச்சுமி. அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கிரேஹவுண்ட் பெட்டை அவர் வீட்டில் இருந்தது. அது எங்கள் லயத்துக் கறுப்பனோடு பழகியதில் பிறந்தவள் இவள். குட்டியை அப்பாவிடம் கொடுத்தபோது கிராணி பெருமையாகச் சொன்னாராம்... இந்தக் கலப்புக்கு லர்ச்சர் என்று பெயர், சீமையில் திருட்டுத்தனமாக மான் பிடிக்கவே வளர்ப்பார்கள், மூக்கை நம்பாது, கண்ணால் பார்த்துத்தான் விரட்டும் என்று. அப்பாவுக்கு லர்ச்சர் வாயில் நுழையவில்லை. லயத்துக்கு வந்து சேர்வதற்குள் அது லெச்சுமி ஆகியிருந்தது.

வம்பு அங்கேதான் ஆரம்பம். அடுத்த வீட்டு அக்கா பெயரும் லெச்சுமி!

நான் வாசலில் நின்று, லெச்சுமி, கண்ட சட்டியையும் நக்காதே என்று கத்தினால் அக்கா துடைப்பத்தோடு வெளியே வருவார். வேண்டுமென்றே வைத்த பெயர் என்று எங்கள் வீட்டோடு பேச்சே இல்லை.

அக்காவின் வீட்டுக்காரர் பாம்பு கடித்துப் பிழைத்தவர். அதற்காக முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கடாவை அக்கா பிள்ளைபோல வளர்த்தார். திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் பார்த்தால் கயிறு இருக்கிறது, கடாவைக் காணோம்.

மான் பிடிக்கிற சாதி ஆட்டை விடுமா என்று லயமே பேசியது. கிராணி அடித்த பெருமை எங்கள் தலையில் வந்து விடிந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து, பொழுது சாயட்டும், காவல்கார ஜாகாவிடம் சொல்லிச் சுட்டுவிடலாம் என்றார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு நாயைச் சுட யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பா வாயே திறக்கவில்லை.

அன்றைக்கு வேலையாவது ஒன்றாவது. மண்டோர் முன்னால் போய் நின்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கண்ணே. கடா உயிரோட இருந்தா இவதான் கண்டுபிடிப்பா."

நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். நான் ஏதாவது தில்லுமுல்லு செய்வேன் என்று அக்காவும் பின்னாலேயே வந்தார். வழி நெடுக எனக்கும் நாய்க்கும் சேர்த்து வசவு.

பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்குச் செம்பனை நட வெட்டவெளியாக்கி வைத்திருந்த இடம். அங்கே லெச்சுமி சட்டென்று நின்றாள். காது நிமிர்ந்தது. எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்த பிறகுதான் தெரிந்தது... பெரிய ரோட்டை ஒட்டிய மேட்டில் கடா நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. அக்கா சந்தோஷத்தில் ஓவென்று கூப்பிட, அது மிரண்டுபோய் லாரி போகிற ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

நான் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடாதடி. பல்லு பட்டா சாமிக்கு ஆகாது."

அதுவும் உண்மைதான். காயம்பட்ட கடாவை முனியாண்டிக்குக் கொடுக்க முடியாது. ஒரு பல் பட்டால் அக்காவின் வேண்டுதலும் போச்சு, என் நாயும் போச்சு. விடாவிட்டால் லாரி.

"தெனம் பஸ்ஸ நிறுத்துறாள்லக்கா..." என்றேன். அக்காவின் கை தளர்ந்தது. அவிழ்த்துவிட்டேன்.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்ல... முதுகு வில்லாய் வளைந்து நிமிர, கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. ஒரே நொடியில் கடாவை எட்டிவிட்டாள். எட்டியவள் கடிக்கவில்லை. தாண்டிப் போனாள். ரோட்டோரம் போய்த் திரும்பிக் குறுக்கே நின்றாள். குரைக்காமல், சும்மா பார்த்துக்கொண்டு... தினமும் ஃபேக்டரி பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிற அதே மாதிரி!

கடாவும் பாக் சிக் மாதிரியே பிரேக் போட்டது.

அக்கா ஓடிப்போய்க் கடாவைக் கட்டிப்பிடித்தார். கழுத்து, கால், காது, வால் என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

நாங்கள் லயத்துக்குத் திரும்பிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முன்னால் கடாவோடு அக்கா, பின்னால் லெச்சுமியோடு நான். கோயிலில் உறுமி அடித்துப் பழகிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் இன்னும் ஓங்கி அடித்தார்கள். மண்டோர் ஜாகாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு நழுவினார். அதுவரை வாய் திறக்காத அப்பா, என் நாயாச்சே என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கென்றால் கால் தரையில் பாவவில்லை.

கடா முனியாண்டிக்கே போய்ச் சேர்ந்தது. இந்த வெற்றியில் அதற்குப் பங்கில்லை, பாவம். கறி வெந்ததும் அக்கா நல்ல எலும்பாகப் பொறுக்கி வாழையிலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"லெச்சுமி... வாடி. இந்தா ஒம் பங்கு."

அந்தப் பெயரை அக்கா தன் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். அப்புறம் கிழவியாகிக் கண்ணை மூடும் வரைக்கும் என் நாய் படுத்துக் கிடந்தது பாதி நாள் அக்கா வீட்டு வாசலில்தான்.

இப்போது எனக்கு ஜார்ஜ் டவுனில் மாடி வீடு. நாய் வளர்க்க அனுமதி இல்லை. எங்காவது போக வேண்டுமென்றால் போனைத் தட்டினால் போதும், கார் வாசலுக்கே வருகிறது. நான் இன்னமும் லேட்தான். கொஞ்சம் பார்த்துவிட்டு டிரைவர் கேன்சல் செய்துவிட்டுப் போய்விடுகிறார். குறுக்கே போய் நிற்க ஆள் இல்லையே...

போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் படியில் எனக்கு முன்னால் ஒரு நரைத்த தலை ஏறிக்கொண்டிருந்தது. நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்திலும் "லெச்சுமி!" என்று கத்தினேன்.

அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னையா கூப்பிட்டே... அவளையா?"