அடிபிடித்த பானை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்துகிறேன். சோறு அடிபிடித்த வாசனை சாலை வரைக்கும் வருகிறது. கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும் பானையை அவசரமாகப் பின்பக்கம் தள்ளுகிறார். கல்லாவில் அவர் கணவர் எதையும் பார்க்காதவர்போல் உட்கார்ந்திருக்கிறார்.

"மறைக்காதீங்கம்மா, கருகினதுதான் எனக்குச் சோறு போடுது" என்று சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுக்கிறேன். பழங்காலப் பயிர்களை ஆராய்வது என் தொழில். அகழாய்வுக் குழியில் கிடைத்த கருப்பு மணிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறேன்.

"இன்னா சார் இது, எலிப் புழுக்கையா?"

"நெல்லும்மா. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி யாரோ அடுப்புல கருக்கிட்டாங்க. கருகினதால மக்காமக் கெடக்கு. இத வெச்சுத்தான் அந்தக் காலத்துல என்ன வெதச்சாங்கன்னு கண்டுபிடிக்கிறோம்."

"அப்போ நல்லா ஆக்குனவ?"

"அவ ஆக்கினத அன்னிக்கே சாப்ட்டு முடிச்சிருப்பாங்க. எங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

அம்மா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "அப்போ இத்தினி வருசமா ஆக்கத் தெரியாதவளுங்க கதையத்தான் படிச்சிகினு கீறியா சார்?"

கல்லாவிலிருந்து கணவரின் குரல் வருகிறது. "கவலய வுடு சார். எங்க வூட்டு சோறு எந்தக் காலத்துலயும் அழியாது."

அம்மா பானையை முன்னால் இழுக்கிறார். மேலாக இருக்கும் வெள்ளைச் சோற்றை அள்ளி என் இலையில் போடுகிறார். பிறகு பானையின் அடியை நன்றாகச் சுரண்டி, கருகியதையெல்லாம் ஒரு தட்டில் குவித்து, கல்லாமேல் டொக்கென்று வைக்கிறார்.

"இந்தா, சரித்திரம். துன்னு!"