சுருதிப்பெட்டி மூன்றாம் முறை வந்தால்

ஈயம் உருக்கி ஒட்டுகிற சோல்டர் அயனின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்துவைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நுனி மினுங்காவிட்டால் ஈயம் பிடிக்காது. ஆட்களோடு கதைக்கப் பயந்த எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பிள்ளையைக் காப்பகத்தில், இங்கத்தைய பேச்சில் கார்டெரியில், விட்டுவிட்டு, பிரெஞ்சு பேசுகிற இந்தப் பியர்பொன்ட்ஸில் குமார் அண்ணையின் ரிப்பேர் கடைக்கு வருவேன். பின்னறையில் என் மேசை. பின்னேரம் வரை ஒருவருக்கும் பொன்ஜூர் சொல்லத் தேவையில்லை.

முதல் முறை

பாட்டு டீச்சர் ஒருவர், சென்னை மாமி, மின்சாரச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு வயர் கழன்றுபோயிருந்தது. அப்பத்துக்கு மாவு ஊற்றிப் பழகின கை அல்லவா? ஈயத்தை அயனிலேயே உருக்கி, வயரின்மேல் சொட்டவிட்டேன். அது மேலே உருண்டையாய்க் குந்தியதே தவிர, கீழே ஒட்டவில்லை. சூடாக்க வேண்டியது ஈயத்தை இல்லை, வயர் போர்டோடு சேருகிற மூட்டுப் பகுதியை. இரண்டாம் நாளே மாமி வந்துவிட்டார்.

"என்னம்மா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பெட்டி தூங்கிடுத்து!"

இரண்டாம் முறை

இந்த முறை மூட்டுப் பகுதியை நன்றாகச் சூடாக்கினேன். ஆனால் ஈயம் ஓடுவதற்குப் பூசுகிற பசை முடிந்திருந்தது. என் மனுசன் குழாய் வேலை செய்கிறவர். அவருடைய டப்பாவிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து பூசினேன். வடிவாய் ஒட்டியது. மூன்று கிழமையில் போர்டிலிருந்த செம்புக் கோடெல்லாம் பச்சை பிடித்து அரித்துப்போய்ப் பெட்டி திரும்பி வந்தது. குமார் அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இது தண்ணிக் குழாய்க்குப் பூசுற அசிட். இனி ஒருக்கா இது திரும்பி வந்தா, நீர் முன்மேசையில நிண்டு சனத்தோட பிரெஞ்சு கதைக்க வேண்டியதுதான்."

மூன்றாம் முறை

சுடுதண்ணீரால் அசிட்டைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டேன். அரித்த இடத்துக்கு மெல்லிய செம்புக் கம்பியால் பாலம் போட்டேன். இந்த முறை செம்பை அரிக்காத ரோசின் பசைதான். மூட்டில் அயனை வைத்து, மற்றப் பக்கத்தால் ஈயத்தைக் காட்டினேன். தானாக ஓடிப் பரவியது. ஆறும்வரை மூச்சே விடவில்லை.

ஒரு மாதமாய்க் கடைக் கதவு மணி அடிக்கிற நேரமெல்லாம் அயனை வைத்துவிட்டு யாரென்று காது கொடுத்தேன். நேற்று மாமி பெட்டியோடு உள்ளே வந்தார். கதவிடுக்கால் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணி நேரக் கச்சேரி, குமார்! என் தொண்டை கட்டிண்டது, பெட்டி கட்டிக்கல!"

ஆகவே, ஒழுங்காய் ஒட்டினால் முன்மேசைப் பக்கம் போகவே தேவையில்லை என்று நிம்மதியாய் எழுதி முடிக்கலாமென்றால், "பிள்ளை, மாமி நாலு பெட்டியோட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா, உம்மோடதான் கதைக்க வேணுமாம், முன்னுக்கு வாரும்" என்று குமார் அண்ணை கூப்பிடுகிறார்.