புகைக்குழாய் பிடிக்கும் ஹெலன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் லாரிகள் திரும்பும் இடத்தில் ஒரு வெள்ளை ஆம்னி வேன் பத்து வருஷமாக நிற்கிறது. உள்ளே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவன் விமல். புகைப் பரிசோதனை உரிமம் அவன் பேரில். வெளியே நின்று லாரிகளின் சைலன்சருக்குள் மெஷின் குழாயைச் சொருகிப் பிடிப்பவள் ஹெலன். உட்கார்ந்தவனுக்கு மின்விசிறி, நின்றவளுக்குக் கரி.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. படிப்பு எட்டாவதோடு நின்றது. முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருப்பாள். அவள் குரல் இரண்டடிக்கு மேல் போகாது. டிரைவர்கள் அவளை 'ஊமைக் கரி' என்பார்கள். அவள் முன்னாலேயே சொல்வார்கள், ஊமைக்குக் காதும் இல்லை என்பதுபோல.

ஆனால் காதுதான் அவளுக்குச் சொத்து. வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள். குளிர்ந்துபோன டீசல் இன்ஜினை முடுக்கினால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகையாய்க் கக்கும். அதே வண்டியை அரை மணி ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்தால் அடங்கிவிடும். பக்கத்தில் எங்காவது நின்று ஆறிப்போய் வரும் பழைய வண்டி எதுவானாலும் கிட்டே போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள்: "அண்ணே, இன்ஜின் ஆறிக் கெடக்கு. பாலம் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டினு வாங்க, சூடானாதான் பாஸ் ஆவும்." அந்த வாக்கியத்தால் பிழைத்த லாரிகள் நூற்றுக்கு மேல் இருக்கும். விமலுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. திரையில் விழும் எண் அறுபத்தைந்தைத் தாண்டினால் பெயில், தாண்டாவிட்டால் பாஸ்.

கார்த்திகைத் தூறலில் ஒருநாள் காலை எட்டரைக்கு ஒரு பழைய லாரி ஆரணிப் பக்கமிருந்து வந்து நின்றது. பதினாறு வருஷத்து வண்டி. வரிசையில் வேறு யாரும் இல்லை. இத்தனை மைல் ஓடிவந்த இன்ஜின் நல்ல சூட்டில் சீராக உறுமியது. அப்போதே குழாயைச் சொருகியிருந்தால் ஐம்பதுக்குள் நின்றிருக்கும் என்று ஹெலனின் காது சொன்னது.

பிறகு டிரைவர் இறங்கினார். செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கும் அந்த நடையை அவள் எங்கே கேட்டாலும் அறிவாள். இராமலிங்கம்.

ஒரு காலத்தில் அவருக்கு நாலு லாரிகள். ஹெலனின் அப்பா ஜெயராஜ் அதில் ஒன்றுக்கு லோடுமேன். இருபத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் பழைய இரும்பை இறக்கும்போது, தேய்ந்துபோன கொக்கி கழன்று லாரியின் பின்கதவு அவர் இடுப்பில் விழுந்தது. வேலையில்தான் அடிபட்டார் என்று முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஆஸ்பத்திரியும் நஷ்டஈடும் நடக்கும் என்றார்கள். அம்மா ரோசம்மாள் பதின்மூன்று வயது ஹெலனையும் கூட்டிக்கொண்டு ஆரணியில் அவர் வீட்டுக்குப் போனாள். "இரு, வரேன்" என்று உள்ளே போனவர், காலை ஒன்பதிலிருந்து அவர்களை வெயிலில் நிற்க வைத்தார். நடுவில் இரண்டு தரம் அவர்களைத் தாண்டி வெளியே போய் வந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்டைத் திறந்து, "உம் புருசன் குடிச்சிட்டு ஏறினான். நான் இன்னாத்துக்குக் கையெழுத்து போடணும்?" என்றார். ஜெயராஜ் குடிக்காதவர். அதற்குப் பிறகு எழுந்து உட்காராமல் பதினோரு வருஷம் படுத்திருந்து செத்தார். அவருக்குப் பீத்துணி மாற்றத்தான் ஹெலன் பள்ளிக்கூடத்தை விட்டாள்.

"இன்னா பொண்ணு, போணியாவலியா? புடி, என் வண்டிய மொதல்ல பாரு," என்றார் இராமலிங்கம்.

ஹெலன் வேனுக்குப் பின்னால் போய், சுத்தமாகவே இருந்த மெஷினின் கண்ணாடியை ஒருதரம் துடைத்தாள். திரும்பி வந்து, "கிளீன் பண்ணணும். இன்ஜின ஆப் பண்ணிட்டு இருங்க," என்றாள்.

"நல்லதாப் போச்சு. ஓடி வந்த வண்டி, நல்லா ஆறட்டும். ஆறினா பொகை வராது, இன்னா?"

வருஷக்கணக்கில் டிரைவர்களை வைத்து ஓட்டிய மனிதர் அவர். கடைசி டிரைவரும் விட்டுப் போன பிறகு, ஐம்பத்தைந்தில் ஸ்டியரிங் பிடித்தவர். இன்ஜினின் குணம் அவருக்குத் தெரியாது. ஹெலன் அவரையே பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

ஒன்பதுக்கு இரண்டு வேன்கள் வந்தன. அவற்றைப் பார்த்தாள். பத்துக்கு ஒரு டேங்கர். "அது தூரம் போற வண்டி" என்று விமலிடம் முணுமுணுத்து அதையும் பார்த்தாள். தூறல் இராமலிங்கத்தின் லாரி மூக்கில் விழுந்து ஆவியானது. பத்தரைக்கு மேல் ஆவி வரவில்லை.

அவர் வேனின் படியில் உட்கார்ந்து விமலிடம் பேசிக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா வண்டி ஊட்லயே நின்னுக்கும், பேப்பர் மட்டும் வரும். இப்போ போட்டோ, வீடியோன்னு பேஜாரு பண்றானுங்க. ஆமா, இந்தக் கொழா புடிக்கிற பொண்ணு இன்னா, வாயை ஊட்லயே வச்சிட்டு வந்துச்சா?"

"அது அப்டித்தான் நைனா. வாய்க்கும் சேத்து மாஸ்க்கு போட்டுக்கும்," என்று விமல் சிரித்தான்.

அவருடைய போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். பழைய இரும்பை உருக்கும் ஆலையின் லாரி காண்ட்ராக்டர். "பன்னெண்டு மணிக்கு லிஸ்டு குடுக்கணும் நைனா. பொகை சர்ட்டிபிகேட் இல்லாத வண்டி நாளைலருந்து கேட்டுக்குள்ள வராது. இந்த லிஸ்டு போனா இன்னும் ஒரு வருசத்துக்கு நான் ஒன்னியும் பண்ண முடியாது."

"இங்கதாம்பா கீறேன். அனுப்பிடுறேன், இரு." போனை வைத்துவிட்டு அவர் லாரியைப் பார்த்தார். "இந்த ஓட்டமும் போச்சுன்னா இதையும் அதே ஆலைக்குத்தான் ஓட்டினு போவணும். லோடோட இல்ல. லோடா."

பதினொன்று இருபதுக்கு ஹெலன் அவரைக் கூப்பிட்டாள். வண்டி மூன்றாவது தரம்தான் ஸ்டார்ட் ஆனது. குழாயைச் சொருகினாள்.

"பெடலை அடி வரைக்கும் மிதி நைனா!" விமல் கத்தினான்.

லாரி கரும்பந்தாகப் புகை கக்கியது. வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஹெலன் அன்று திருப்பவில்லை. எழுபத்து நாலு. எண்பத்தொன்று. எழுபத்தாறு. ஐந்து தரம் பார்த்தும் ஒன்றுகூட அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை.

"பெயில்," என்றான் விமல்.

"இன்னொரு வாட்டி பாருப்பா."

"கம்ப்யூட்டர்ல நம்பர் ஏறிப்போச்சு நைனா. மெக்கானிக்கு கிட்ட போயி பம்பு பாத்துட்டு நாளைக்கி வா."

"நாளைக்கா?" அவர் ஹெலனிடம் வந்தார். பெரிய உடம்பு குனிந்தது. "கண்ணு, நீ தெனம் பாக்குற. இன்னா பண்ணா பாஸ் ஆவும்? ஒரு வார்த்த சொல்லு."

இப்படி ஒரே ஒரு கையெழுத்துக்காகத்தான் இருபத்தொரு வருஷத்துக்கு முன் அம்மா இவர் வாசலில் நின்றாள். ஹெலன் துப்பட்டாவை அவிழ்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கன்னம் வெளுப்பு. அவர் நன்றாகப் பார்க்கும்படி நின்றாள்.

"நான் ஜெயராஜ் பொண்ணு."

இராமலிங்கம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எந்த ஜெயராஜ்?"

"உங்க லாரியில லோடுமேன்."

"எங்கிட்ட வேல பாத்தவன் அம்பது பேரு இருப்பான். எல்லாரையுமா ஞாபகம் வச்சிப்பேன்? அத உடு, வண்டிக்கு இன்னா பண்றது சொல்லு."

இந்த ஒரு நிமிஷத்தை ஹெலன் எத்தனையோ இரவுகளில் மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அழுவார், கெஞ்சுவார், திட்டுவார், அடிக்கக்கூட வருவார். மறந்திருப்பார் என்று ஒரு இரவுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

அப்போது பின்னால் இன்னொரு பழைய லாரி வந்து நின்றது. பக்கத்து ஆலை வாசலில் ராத்திரியெல்லாம் நின்ற வண்டி. டிரைவர் ஜோஷ்வா, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வருகிறவன். மணி பதினொன்றே முக்கால். இராமலிங்கம் தன் லாரிக் கதவில் கை வைத்து ஏறப்போனார்.

ஹெலன் ஜோஷ்வாவைப் பார்த்துப் பேசினாள். இரண்டடி போகிற குரல் அன்று ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

"அண்ணே! இன்ஜின் ஆறிக் கெடக்கு. பாலம் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டினு வாங்க. சூடானாதான் பாஸ் ஆவும். ஆறின வண்டி எவன் வண்டியா இருந்தாலும் பெயிலுதான்!"

"அடேங்கப்பா! ஊமைக் கரி பேசுது டோய்!" என்று ஜோஷ்வா சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான்.

காது மந்தமானவருக்கும் அது கேட்டது. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இராமலிங்கம் திரும்பினார். அவர் வாய் திறந்திருந்தது. சட்டைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அவர் எடுக்கவில்லை.

ஹெலன் துப்பட்டாவை மறுபடியும் முகத்தில் சுற்றிக் கட்டினாள். குழாயின் நுனியில் படிந்திருந்த அவர் லாரியின் கரியைத் துணியால் துடைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்து நின்றாள்.